வெறியாட்டும் வீரானாவும்

சிலம்பும் குறளும் பேசப்படும் மலரில் பேய்ப்படம் ஒன்றைப் பற்றிய கட்டுரைக்கு இடம் தருவது தகுமா என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அதுவும் சிறுவர்க்கு ஆகாது என்று தணிக்கைக் குழுவினர் ‘ஏ’ முத்திரையிட்டு வெளியே விட்ட படம். 1988இல் வெளிவந்த ‘வீரானா’ என்னும் இந்திப் படத்தையே குறிக்கிறேன். துளசி ராம்சே, சியாம் ராம்சே என்னும் உடன்பிறந்தார் இருவர் அதனை இயக்கினர். பாழிடம் என்பது அப்பெயரின் பொருள். இந்தியோடு அன்றாடம் புழங்கும் நம்மவர்க்கு அதனை விளக்க வேண்டுவதில்லை.

தயக்கம் எனக்கும் இருந்தது. ஆயினும் அப்படத்தை நம்மவர் பார்த்ததில்லை என்று நெஞ்சில் கைவைத்துக் கூற முடியுமா? ஒரு சனிக்கிழமை இரவு வீட்டுக்கு வீடு பத்து ரூபாய் தண்டி, டெக்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, மூன்று படங்களை விடிய விடியப் போட்டுப் பார்த்த காலத்தை நாம் மறந்துவிடவில்லை. முதற்படம் பக்திப் படம். இரண்டாவது நம் ஊர்ப் படம். பிள்ளைகள் உறங்கிய பின்னர் வரும் மூன்றாவது, பெரும்பாலும் ராம்சேக்களின் படம். மறுநாட் காலையில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அதைப் பற்றி எவரும் பேசமாட்டார். பார்த்ததை மறைப்பது வேறு, பார்த்ததைப் பற்றி எண்ணாமலே இருந்துவிடுவது வேறு. முன்னது நாணம், அதில் தவறில்லை. பின்னதைப் பற்றியே இங்குப் பேச விழைகிறேன்.

நாம் வாழும் தாதருக்கும் திரைப்படத்துக்கும் உள்ள உறவு பழமையானது. தாதா சாகேப் பால்கே 1913இல் ‘ராஜா அரிச்சந்திரா’வை உருவாக்கியது இந்தத் தாதரில்தான், அவர் வாழ்ந்த வீதி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அப்படத்தில் தாராமதியாக நடிக்க ஒரு பெண்ணும் முன்வரவில்லை. உணவகம் ஒன்றில் சமையல் வேலை பார்த்துவந்த சாளுங்கே என்னும் இளைஞரே புடைவை கட்டிச் சந்திரமதியாய் நின்றார். அரிச்சந்திரன் மனைவியாக நடிப்பதற்கே பெண் கிடைக்காத நகரில், எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, படப்பெட்டி ஒரு பெண்ணின் உடலை விட்டு விலக மறுக்கும் படம் உருவாயிற்று. இவ்விரு முனைகளுக்கும் இடையே பெண்ணைப் பற்றிய நம் அச்சம் குறைந்ததா, உருமாறியதா என்பதே வீரானா எழுப்பும் கேள்வி.

படத்தை எடுத்த குடும்பத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். புலம்பெயர்ந்தோராகிய நமக்கு அது நெருக்கமான கதை. தந்தை எப். யு. ராம்சே கராச்சியில் வானொலிக் கடை வைத்திருந்த சிந்தியர். நாடு பிளவுண்டபோது பம்பாய் வந்து, லாமிங்டன் சாலையில் மீண்டும் கடை போட்டார். படத்தயாரிப்பில் ஆசை கொண்டு 1963இல் பிருதிவிராஜ் கபூரையும் சுரையாவையும் கொண்டு ‘ருஸ்தம் சோராப்’ எடுத்தார். 1970இல் எடுத்த ‘ஏக் நன்னி முன்னி லட்கி தீ’ கையைச் சுட்டது. ஆனால் அதில் பிருதிவிராஜ் கபூர் கோர முகமூடி அணிந்து திருட வரும் ஒரு காட்சியில் மட்டும் அரங்கம் கிடுகிடுத்ததைப் பிள்ளைகள் கண்டனர். மக்கள் அந்த ஒரு காட்சிக்காக வந்து போகிறார்கள் என்றால், படம் முழுவதும் அதுவாகவே இருந்தால் என்ன என்று எண்ணினர். வணிகக் குடும்பத்துப் பிள்ளைகள் அல்லவா!

குமார், கேசு, துளசி, கிரண், சியாம், கங்கு, அர்ஜுன் என எழுவர் உடன்பிறந்தார். எவரும் திரைப்படக் கல்லூரியில் பயின்றவரல்லர். ஜோசப் மாசெல்லி என்பார் எழுதிய ஒளிப்பதிவு நூல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, காசுமீரத்துப் படகு வீட்டில் தங்கிப் பாடம் படித்தனர் என்பது அவர்களே சொன்ன செய்தி. பின்னர்க் குமார் எழுத, கங்கு படம்பிடிக்க, கிரண் ஒலியைக் கவனிக்க, துளசியும் சியாமும் இயக்க, 1972இல் ‘தோ கஜ் ஜமீன் கே நீச்சே’ பிறந்தது. மகாபலேசுவரத்தில் தங்கி, குடும்பத்துப் பெண்டிரே அடுப்பு மூட்டி எல்லார்க்கும் சமைத்துப் போட, ஏறத்தாழ மூன்றரை இலட்சம் ரூபாயில் முடிந்த படம் அது. கூலிக்கு ஆள் வைக்காமல் தாய், தந்தை, மக்கள், மருமக்கள் அனைவரும் ஒரே தொழிலில் இறங்குவது நமக்குப் புதிதன்று. தாராவியில் விடியற்காலையில் மாவரைத்து, இட்டலி அவித்து, ஏனம் சுமந்து நகரெங்கும் விற்று வந்த நம் குடும்பங்களைப் பார்த்தவர்க்கு ராம்சேக்களின் தொழில்முறை உடனே விளங்கிவிடும். கலைஞர் என்று அவர்களை மெச்சாதவரும் உழைப்பாளிகள் என்று மதிக்கத் தடையில்லை. துளசி 2018இலும் சியாம் 2019இலும் மறைந்தபோது செய்தித்தாள்கள் அவர்களைப் போற்றி எழுதின. வாழ்ந்த நாளில் அவர்களை ஏளனம் செய்யாதவர் அரியர்.

இனிப் படத்துக்கு வருவோம். ஓர் ஊரின் புறத்தே பாழிடம். அங்கே நிகிதா என்னும் சூனியக்காரி. இரவில் அழகியாய் வழியில் நின்று ஆடவரை மயக்கி அழைத்துச் சென்று உயிர் குடிப்பவள். அவள் கழுத்தில் வௌவால் உருக்கொண்ட பதக்கம் ஒன்று தொங்குகிறது. ஊர்த்தலைவர் தாக்கூர் மகேந்திர பிரதாப்பின் இளவல் சமீர் அவள் வலையில் விழுந்தவன்போல் நடித்து, அப்பதக்கத்தைப் பறித்துவிடுகிறான். உடனே அழகு உதிர்ந்து கோரம் வெளிப்படுகிறது. அவளைப் பிடித்து மரத்தில் தூக்கிலிடுகின்றனர். அவளை வழிபடும் மந்திரவாதி ஒருவன் பிணத்தைக் கைப்பற்றுகிறான். தாக்கூரின் சிறுமகள் ஜாஸ்மினைச் சமீர் காரில் அழைத்துச் செல்லும் வழியில் அவன் கையில் இருவரும் சிக்க, சமீர் மடிகிறான். சிறுமியின் உடலுள் நிகிதாவின் ஆவி புகுத்தப்படுகிறது. மந்திரவாதி அவளைத் தானே காப்பாற்றியவன்போல் வீட்டில் கொண்டுவந்து விட்டு, அங்கேயே ஏவலனாகத் தங்கிவிடுகிறான். ஆண்டுகள் கழிகின்றன. பெண் வளர்ந்து பேரழகியாகிறாள். பகலில் சோர்ந்து கிடப்பவள் இரவில் எழுந்து நடக்கிறாள். அவளோடு சென்ற ஆடவர் மீள்வதில்லை.

ஜாஸ்மினாக நடித்தவர் பெயரும் ஜாஸ்மின். அவள் ஒன்றுவிட்ட தங்கை சாகிலாவாக வருபவர் சாகிலா சட்டா. காதலன் ஹேமந்தாக வருபவர் ஹேமந்த் பிர்ஜே. பாத்திரங்களுக்குப் பெயர் சூட்டுவதிற்கூடச் சிக்கனம் பார்த்தனர் போலும்!

பொருட்செலவு குறைந்த படம் என்பது எங்கும் தெரிகிறது. ஆயினும் அது பெரும்பாலும் குறையாகத் தெரியவில்லை. பகட்டான அரங்கங்கள் இல்லாமையால் கங்கு ராம்சே ஒளியையே அரங்கமாக்குகிறார். ஒரு சுவரில் நீலம், மறு சுவரில் சிவப்பு, இடையே புகை. அவ்வளவில் பழைய வீடு ஒன்று கருவறை போலவும் சுடுகாடு போலவும் ஒருங்கே தோன்றிவிடுகிறது. கதவு திறக்கும் ஓசைக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே அவர்கள் விடும் சிறு இடைவெளி, பயின்ற கையின் வேலை. பின்னர் 1993இல் தொலைக்காட்சியில் வந்த இவர்களின் ‘ஜீ ஹாரர் ஷோ’வின்போது வீட்டுப் பிள்ளைகள் போர்வைக்குள் ஒளிந்துகொண்டே கண்ணை மட்டும் வெளியே விட்டிருந்ததும் இந்தக் கைத்திறத்தால்தான். இசையும் நகைச்சுவையும் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவை வந்து போகின்றன.

அச்சமும் காமமும் ஒரே படத்தில் கலந்தமையைப் பெருங்குற்றமாகச் சொல்வோர் உளர். இக்குற்றச்சாட்டு நம் இலக்கணத்தை அறியாமல் எழுவது. தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாட்டுள் அச்சமும் ஒன்று. அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இவற்றுள் முதலில் நிற்கும் அணங்கு என்ற சொல்லை நோக்குக. அது வருத்தும் தெய்வம். அதுவே கண்டாரை வருத்தும் அழகி. திருக்குறளின் காமத்துப்பால் தொடங்கும் அதிகாரத்துக்கே ‘தகையணங்குறுத்தல்’ என்பது பெயர். எதிரே நிற்பவள் மானிடப் பெண்தானோ, வேறு ஏதேனுமோ என்ற மருட்சியிலேயே வள்ளுவர் காதலைத் தொடங்கி வைக்கிறார். இரவில் வழிமேல் நிற்கும் அழகியைக் கண்டு வண்டியை நிறுத்துபவனின் நெஞ்சத்தில் எழுவது, தரம் எவ்வளவு தாழ்ந்திருப்பினும், அந்த மருட்சியின் சாயலே. ஆகவே இரண்டும் கலந்தன என்பது குற்றமன்று. கலந்தவற்றைக் கொண்டு படம் என்ன செய்கிறது என்பதே கேள்வி.

இங்கேதான் வெறியாட்டு நினைவுக்கு வருகிறது. தலைவி களவொழுக்கத்தில் காதல் கொண்டு உடல் மெலிகிறாள், வளை நெகிழ்கிறது, உணவு ஏற்கவில்லை. காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியையும் முதுபெண்டிரையும் கேட்கிறாள். முருகு அணங்கியது என்கிறார்கள். வேலனை அழைத்து, களம் இழைத்து, மறியறுத்து, வெறியாடச் செய்கிறாள். ஐங்குறுநூற்றில் கபிலர் இதற்கென்றே ‘வெறிப்பத்து’ எனப் பத்துப் பாடல்கள் பாடியிருக்கிறார். காமக்கண்ணியார் என்னும் பெண்பாற் புலவர், வெறியாட்டைப் பாடிய சிறப்பால், வெறிபாடிய காமக்கண்ணியார் என்றே பெயர் பெற்றார்.

இப்பாடல்களில் எந்தப் புலவரும் அப்பெண்ணை முருகு அணங்கியதாக நம்பவில்லை. தோழிக்கு உண்மை தெரியும், தலைவிக்குத் தெரியும், கேட்கும் நமக்கும் தெரியும். தெரியாதவர் தாயும் வேலனும் மட்டுமே. நற்றிணையில் பிரமசாரி என்னும் புலவரின் தோழி ஒருபடி மேலே சென்று முருகனையே கடிந்துகொள்கிறாள். இந்நோய் உன்னால் வந்ததன்று என்று அறிந்தும் வேலன் அழைத்தான் என்று வந்து நிற்கிறாயே, நீ கடவுளேயானாலும் அறியாமை உடையவன்தான் என்கிறாள். தெய்வத்தை இவ்வளவு துணிவாகப் பேசியது ஒரு பெண்ணின் காதல் அவளுடையதே என்று நிலைநாட்டுவதற்காக. காமக்கண்ணியாரின் அகநானூற்றுப் பாட்டொன்றிலோ வெறியயர்ந்த இரவிலேயே தலைவன் மறைவாய் வந்து தலைவியைத் தழுவிச் செல்கிறான், நோய் தணிகிறது, வேலனுக்குப் பெயர் கிடைக்கிறது. அதை எண்ணித் தலைவி சிரித்துக்கொள்கிறாள். ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழில் கேட்டுக்கொண்டிருக்கும் சிரிப்பு அது.

வீரானா இந்த அமைப்பைத் தலைகீழாக நிறுத்திவிட்டது. இங்கும் வீட்டில் வளர்ந்த பெண் இருக்கிறாள். வெளிறிய முகம், உறக்கமற்ற இரவுகள், ஆடவரை நாடும் நெஞ்சம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் சங்கப் புலவன் பேயென்று பிறர் சொன்னதைக் காதல் என்று காட்டினான்; ராம்சேக்களோ காதலோ வேட்கையோ என்று நாம் ஐயுறுவதைப் பேய் என்று முடித்துக்காட்டுகின்றனர். ஜாஸ்மினின் வேட்கை ஜாஸ்மினுடையது அன்று. அது வெளியிலிருந்து வந்தது. ஓர் ஆடவன் தன் மந்திரத்தால் உள்ளே வைத்தது. ஆகவே அவள் குற்றமற்றவள். கூடவே ஒன்றுமற்றவளும் ஆகிறாள். அவள் உடல் செய்யும் எதிலும் அவளுக்குப் பங்கில்லை. பேயை எடுத்துவிட்டால் எஞ்சுவது தந்தைக்கு அடங்கிய மகள். வேலன் சொன்னதே சரி என்று சாதிக்கும் படம் இது!

இது தற்செயல் என்று சொல்வதற்கில்லை. அவர்களுக்குப் பெரும்பொருள் ஈட்டித் தந்த ‘புரானா மந்திர்’ 1984இல் வந்தது. அங்கேயும் ஒரு தாக்கூர், அவர் மகள் ஒருவனைக் காதலிக்கிறாள், தந்தை மறுக்கிறார். மறுப்புக்குக் காரணம் சாதியோ செல்வமோ அன்றாம். சாம்ரி என்னும் அரக்கன் முன்னோர்க்கு இட்ட சாபத்தால் அக்குடிப் பெண்கள் மகப்பேற்றில் மடிகின்றனராம். அரக்கன் உண்மையாகவே எழுந்து வருவதால், தந்தையின் மறுப்பு அன்பு என்று ஆகிவிடுகிறது. அவரை எதிர்த்து நின்ற மகள், அறியாப் பெண்ணாகிறாள். காதலர் இறுதியில் இணைகிறார்கள் என்றாலும், தந்தை ஏன் மறுத்தார் என்ற கேள்வியைப் படம் அரக்கனின் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறது.

தொல்காப்பியர் சொன்ன நான்கினுள் மூன்றை ராம்சேக்கள் நன்கு அறிவர். அணங்கு உண்டு, வௌவால் உண்டு, கள்வரும் உண்டு. நான்காவதாகிய ‘தம் இறை’யை, அதாவது நம்மை ஆளும் தலைவனை, அவர்கள் அச்சப்பொருளாகக் காணவே இல்லை. தாக்கூரின் வீடே பாதுகாப்பு. அதற்கு வெளியில்தான் பாழிடம். ஆனால் உற்றுப் பார்ப்போர்க்கு ஒன்று தெரியும். நிகிதாவைத் தூக்கிலிடும்போது வழக்கில்லை, கேள்வியில்லை. அவள் யார், எந்தக் குடியிற் பிறந்தவள், எவனால் இப்படியானாள் என்று படத்தில் ஒருவரும் வினவவில்லை. ஒரு கயிறும் ஒரு மரக்கிளையும் போதுமானவையாக இருந்தன.

நம் பழையனூர் நீலிக்கு இதைவிட நல்ல ஊர் வாய்த்தது. கணவனால் கொலையுண்டவள் பேயாகி, அழகிய மனைவியின் கோலத்தில், கரிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனைத் தொடர்ந்து வருகிறாள். வேளாளர் எழுபதின்மர் அவையில் தன் வழக்கை வைக்கிறாள். அவர்கள் கேட்கிறார்கள். கேட்டு, அவனுயிர்க்குத் தம்முயிரைப் பிணை வைத்து, அவளுடன் அனுப்புகிறார்கள். மறுநாள் அவன் பிணமாய்க் கிடக்க, சொன்ன சொல் தவறாமல் எழுபதின்மரும் தீப்பாய்கிறார்கள். அவர்கள் ஏமாந்தவர்கள் என்பது கதை. ஏமாந்தாலும் பேயொருத்தியின் பேச்சைக் கேட்டவர்கள் என்பதை நாம் அத்துணை நினைப்பதில்லை.

அதே நீலியைச் சமணர் எடுத்து ‘நீலகேசி’ ஆக்கியபோது, அவள் முனிவர் ஒருவரை அழகால் மயக்க வந்து தோற்று, அவரிடமே அறம் கேட்டு, வாதில் பிற சமயத்தாரை வெல்லும் பேரறிவுடையவளானாள். காமம் காட்டிய பேயைத் தருக்கம் பேசும் பெண்ணாக்கிய மொழி நம்முடையது. ஆனால் பெருமை கொள்வதற்குமுன் ஒன்று சொல்லிவிட வேண்டும். பொய்யழுகைக்கு நாம் இட்ட பெயர் ‘நீலிக் கண்ணீர்’. அவள் கோலம் பொய், குழந்தை பொய், கண்ணீர் சிந்தியதற்குக் காரணமான கொலை மட்டும் மெய். அதை விட்டுவிட்டுக் கண்ணீரைப் பழமொழியாக்கிக்கொண்டோம். தாக்கூரை நோக்கி நீட்டும் விரலைச் சற்று வளைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

பழையனூரை அடுத்ததே திருவாலங்காடு. பேய்க்கோலத்தைத் தாமே இறைவனிடம் இரந்து பெற்ற காரைக்கால் அம்மையார் பாடிய தலம். கணவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டாம் என்று உதறியவர் அவர். வீரானாவில் பதக்கத்தை ஆடவன் பறித்ததும் அழகு போய்க் கோரம் வருகிறது; அழகு பொய், கோரமே அவள் உண்மை என்பது அதன் கணக்கு. அம்மையார் வரலாற்றில் பறித்தவர் ஒருவருமில்லை. தாமே கழற்றி வைத்தார். அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் இப்படி இரண்டு பேய்கள் நமக்கு இருக்க, பெண்ணின் அழகையும் கோரத்தையும் பற்றி வேறு எங்கும் சென்று பாடம் கேட்க வேண்டியதில்லை.

பழம்பெருமை பேசி இக்காலத்தை மட்டந்தட்டுவதாக எவரும் எண்ண வேண்டா. சென்னையில் பி. விட்டலாச்சாரியா என்றொருவர் இருந்தார். இவரும் சிக்கனத்துக்குப் பேர்போனவர். கூடுதல் ஊதியம் கேட்கும் நடிகரின் பாத்திரத்தை மந்திரத்தால் கிளியாகவோ குரங்காகவோ மாற்றிவிட்டு, ஆளில்லாமலே படத்தை முடித்துவிடுவார் என்று கோடம்பாக்கத்தில் வேடிக்கையாகச் சொல்வர். 1978இல் அவர் தெலுங்கில் எடுத்து, தமிழிலும் பேசவைத்த ‘ஜெகன்மோகினி’யில் ஜெயமாலினி பேயாக வந்தார். விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது திருநெல்வேலியில் நான் அதைப் பார்த்தேன். அடுப்பில் விறகுக்குப் பதில் தன் கால்களையே நீட்டி எரித்துச் சமைக்கிறதே அந்தப் பேய், அந்தக் காட்சியில் பெண்கள் பகுதியிலிருந்து எழுந்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. ஆடவர் அஞ்சினர், பெண்டிர் சிரித்தனர். அடுப்படியில் தம்மையே எரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அக்காட்சி வேறொன்றைச் சொல்லியிருக்க வேண்டும். ஜெயமாலினியின் உடலையும் அப்படம் விற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பேய் ஏமாற்றப்பட்டவள்; வருவதற்குக் காரணம் உடையவள். அவளுக்கு வாயும் கொடுத்திருந்தார் விட்டலாச்சாரியா.

வீரானாவின் காமக்காட்சிகளைப் பற்றிச் சுருங்கச் சொல்லிவிடலாம். நீராட்டும், ஈர ஆடையும், மெல்லிய விளக்கொளியும் அளவுக்கு மீறியவை. ஆனால் அளவைவிட முறையே என்னை உறுத்தியது. ஒவ்வொரு முறையும் படப்பெட்டி அவள் உடலில் நெடுநேரம் திளைக்கிறது. பின்னர் அவளோடு சென்றவன் சாகிறான். பார்த்தவனுக்கு இன்பமும் கிடைத்துவிடுகிறது, நெறி தவறியவன் அழிந்தான் என்ற நிறைவும் கிடைத்துவிடுகிறது. ஒரே சீட்டில் இரண்டு காட்சி! அவளைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாமவனாகிய நாம் மட்டும் சாகாமல் வீடு திரும்புகிறோம்.

இது வெறும் பொழுதுபோக்குப் படம், இதற்கு இவ்வளவு பாரம் தகுமா என்று நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். படமே தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறது என்றும் சுட்டினார். உண்மைதான், சதீஷ் ஷா அதில் ‘ஹிட்ச்காக்’ என்ற பெயரில் பேய்ப்பட இயக்குநராகவே வருகிறார். ஆயினும் பெருங்கவிஞர் எழுதுவதைவிட இத்தகைய படங்கள்தாம், எண்ணாமல் எடுக்கப்பட்டமையாலேயே, ஒரு சமூகம் எதை அஞ்சுகிறது என்பதை ஒளிவின்றிச் சொல்லிவிடுகின்றன என்பது என் துணிபு.

அவ்வச்சம் நம் வீட்டில் இல்லாதிருந்தால் நான் இதை எழுத முற்பட்டிருக்க மாட்டேன். தாதரில் நாங்கள் இருந்த குடியிருப்பில், நெல்லைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று எதிர்வீட்டில் இருந்தது. அவ்வீட்டுப் பெண்ணுக்கு அப்போது பத்தொன்பது வயது. தட்டச்சு பயின்று ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தாள். திடீரென உண்ணாமல், பேசாமல், இரவெல்லாம் விழித்துக் கிடந்தாள். ரயிலடியில் எதையோ மிதித்துவிட்டாள் என்றனர் சிலர். ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் எதுவோ பட்டுவிட்டது என்றனர் பெரியவர்கள். ஊருக்குக் கொண்டுபோய்க் கோடாங்கியிடம் காட்டி, இசக்கியம்மன் கோயிலில் கட்டி வைப்பது என்று முடிவாயிற்று. பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தவன் நான். தாதர் நிலையத்தில் வண்டியேற்றி விட்டவனும் நான்தான். அலுவலகத்தில் உடன் வேலை பார்த்த மராட்டிய இளைஞன் ஒருவனை அவள் விரும்பினாள் என்பது பின்னர்த் தெரிந்தது. பின்னர் என்பது கூடப் பொய். அன்றே எங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தவர் யாரும் தோழியாகவில்லை. எல்லாரும் வேலன் பக்கம் நின்றோம். அவளுக்கு ஊரிலேயே உறவில் மணம் முடித்தார்கள்.

அவள் மீண்டும் மும்பைக்கு வந்து, இப்போது செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறாள், பேரப்பிள்ளைகளும் உண்டு. இரண்டாண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, என் மகன் தொலைக்காட்சியில் இப்படத்தை ஓடவிட்டிருந்தான். நான் மாற்றச் சொல்ல நினைத்து, சொல்லாமல் இருந்துவிட்டேன். வௌவால் பதக்கத்தைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் அண்ணாச்சி, இவகிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கவே இல்லையே?” என்றாள்.

நான் விடை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் பாட்டு வந்துவிட்டது. மகன் ஒலியைக் குறைத்தான்.